நாற்பத்தொன்றாம் எண்

ஜனவரி 6

அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதி எனக்கே சந்தேகம். இரண்டாம் பாதியைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பேருந்தில் ஏறும்போது, "எனக்கு போன் பண்ணாத" என்றாய். பண்ணவில்லை. பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. கடிதம் போடாதே என்று நீ சொல்லவில்லை என்பது நேற்றுத்தான் தோன்றியது. முகவரியை உன் பழைய பேண்டு மாஸ்டரிடம் வாங்கினேன். அவரைத் திட்டாதே.

சென்ற வியாழக்கிழமை எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் அந்த ஈறு நோய் ஆராய்ச்சியின் ரகசிய உறையைப் பிரித்தார்கள். அறுபது நோயாளிகள். முப்பது பேருக்கு மருந்து, முப்பது பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது மாத்திரை கொடுத்த நர்சம்மாவுக்கும் தெரியாது, விழுங்கிய உங்களுக்கும் தெரியாது, பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியாது. பேராசிரியர் எண்ணை வாசிக்க வாசிக்க, நான் பலகையில் குறித்துக்கொண்டே வந்தேன்.

நாற்பத்தொன்று: மருந்து.

எழுதிவிட்டு ஒருமுறை திரும்பிக் கேட்டேன். "மருந்துதாம்மா, எழுது" என்றார்.

உனக்கு மாவு மாத்திரைதான் கிடைத்திருக்கிறது என்று அத்தனை நாளும் நிச்சயமாக இருந்தேன். அந்த நிச்சயத்தின் மேல்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன், செய்யாமலும் இருந்தேன். உன் பல் விழுந்த அன்று சமையலறையில் இதையெல்லாம் சொன்னேன். ஆனால் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு நின்ற உனக்கு அது எவ்வளவு தூரம் கேட்டதோ தெரியாது. ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

யாருடைய எண் எது என்று எனக்குத் தெரியக் கூடாது என்பது விதி. நீ ஆராய்ச்சியில் சேர்ந்த மறுநாள் காலை சாப்பிடும்போதே உன் எண் நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டாய். அண்ணிகூடச் சிரித்தார்: "ஊரையெல்லாம் உள்ள தள்ற போலீசுக்கே நம்பர் குடுத்துட்டாங்களா?" அன்றைக்கே பேராசிரியரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன்னை எடுத்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். ஏற்கெனவே உன் முன்பல் இரண்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு அவைதானே எல்லாம்.

மூன்றாம் மாதம் உன் ஈறின் நீரை ஒற்றி எடுத்த காகிதத் துண்டு குழாயில் வந்தது. வழக்கம்போலப் பரிசோதனைத் தட்டில் விட்டேன். அந்தத் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஈறை அரிக்கும் நொதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு அழுத்தமாக மஞ்சள் ஏறும். நாற்பத்தொன்றின் குழி இரண்டு மடங்கு மஞ்சளாக இருந்தது. ஆறாம் மாதம் நான்கு மடங்கு. சுற்றியிருந்த குழிகளெல்லாம் வெளுத்துக்கொண்டு போக, அது மட்டும் மஞ்சள். அளவைக் குறித்துக்கொண்டு தட்டைக் கழுவி வைத்தேன். வீட்டுக்கு வந்து உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"ஆராய்ச்சி வேணாம், வெளிய வந்து வேற டாக்டரப் பாரு" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறுபது பேரின் ஒன்றரை வருடம் என்னால் வீணாகிவிடும் என்று நினைத்தேன். என் வேலை போய்விடும் என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. உனக்குக் கிடைத்தது மருந்து. அதைத் தெரிவிக்கத்தான்.

தங்கை

*

ஜனவரி 19

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது.

நான் வாத்தியக் கிடங்கில் இருக்கிறேன். போலீஸ் பயிற்சிப் பள்ளி பேண்டுக்கு உண்டான டிரம், கொம்பு, குழல் எல்லாம் என் பொறுப்பு. காலையில் எடுத்துக் கொடுக்க வேண்டும், மாலையில் திருப்பி வாங்கித் துடைத்து வைக்க வேண்டும். ஊத வேண்டியதில்லை. பேச வேண்டியதும் அவ்வளவாக இல்லை. அது நல்லது. முன்னால் கட்டியிருக்கும் பல் செட்டு 'ச' வரும் இடத்தில் விசில் அடிக்கிறது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். போன் பண்ணாதே என்றதற்கு அதுவும் ஒரு காரணம். நீயாக வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மருந்தென்றால் மருந்து. எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சில பேருக்குக் கேட்கும், சில பேருக்குக் கேட்காது. நீ வாயைத் திறந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆக, கணக்குத் தீர்ந்தது. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்படி என்ன மருந்து அது? ஒன்பது மாதம் விழுங்கச் சொன்னார்கள். எதற்கு என்று யாரும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. வீட்டிலேயே இருந்த நீயும் சொல்லவில்லை.

அண்ணன்

*

பிப்ரவரி 2

அண்ணாவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன்.

பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. அதைச் சுற்றி மெல்லிய நார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு முனை பல்லில், மறு முனை எலும்பில். கூடாரத்தைக் கயிறு கட்டி நிறுத்துகிற மாதிரி. ஈறின் ஓரத்தில் அழுக்குப் படிந்து கிருமி சேர்ந்தால், அதை விரட்ட ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் ஓடி வரும். வரும்போது கையில் கத்தரிக்கோலோடு வரும். நொதி என்பது அதுதான். திசுவை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு கிருமியிடம் போவதற்காக. கிருமி தீர்ந்தால் அவை கத்தரியை வைத்துவிடும். ஆனால் ஈறு நோயில் கிருமி தீருவதே இல்லை. ஆகவே வெட்டுவதும் நிற்பதில்லை. வழி உண்டாக்க வந்தது, நாரையெல்லாம் அறுத்துப் போடுகிறது. பிறகு எலும்பும் கரைகிறது. கிருமி செய்யும் சேதத்தைவிட நம் உடம்பே செய்துகொள்ளும் சேதம்தான் பெரிது. வேலியே பயிரை மேய்கிற கதை.

உங்களுக்குக் கொடுத்தது கிருமியைக் கொல்லும் மருந்துதான். ஆனால் கொல்ல முடியாத அளவுக்குக் குறைந்த அளவில். அந்த அளவில் அது கிருமியை ஒன்றும் செய்யாது. கத்தரியின் வாயை மட்டும் பிடித்துக்கொள்ளும். தினம் இரண்டு வேளை விடாமல் போட்டால்தான் பிடி நிற்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், எதுவும் வலிக்காது. நார் அறுந்துகொண்டே இருக்கும். ஆள் சாப்பிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருப்பான்.

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். எழுத வேண்டியிருக்கிறது. மருந்து வாங்கிய முப்பது பேரில் இருபத்தொன்பது பேருக்கு நொதியின் அளவு இறங்கியிருக்கிறது. ஏறியது ஒருவருக்கு மட்டும். பேராசிரியர் உன் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். "இந்த ஆள் உடம்புல மருந்து ஏன் வேலை செய்யல? இதுதாம்மா நம்ம கட்டுரையிலயே முக்கியமான கேள்வி" என்கிறார். ஒரு தனிப் பகுதியே எழுதுகிறார். உன்னை வரவழைத்து ரத்தம் எடுத்து மரபணு பார்க்கப் போகிறார்களாம். மருந்தை எல்லோருக்கும் கொடுக்கலாமா என்பதே அதற்குப் பிறகுதான் என்கிறார்கள்.

தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன்.

அண்ணா, மாத்திரை போட்டாயா? மாதாமாதம் காலிப் புட்டி வந்ததாகத்தான் பதிவேட்டில் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

தங்கை

*

பிப்ரவரி 20

தங்கைக்கு,

இருபத்தாறு வருடமாகக் காவல்துறையில் இருக்கிறேன். ட்ரம்பெட் ஊதினேன் என்றாலும் சீருடை போட்டுத்தான் ஊதினேன். விசாரணை எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு பொதுவாகப் பாடம் நடத்துவார்கள், கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்பார்கள்.

நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறாய்.

எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

அண்ணன்

*

மார்ச் 11

பொடிசு,

போடவில்லை.

முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டேன். உன் அண்ணி மருத்துவமனையில் இருந்தபோதுகூட மறக்கவில்லை. அவளே ஞாபகப்படுத்துவாள். மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறவள், "மாத்திர போட்டீங்களா?" என்பாள். மே பதினைந்தாம் தேதி அவள் போனாள். பதினாறாம் தேதி காலை புட்டியிலிருந்து ஒரு மாத்திரையைக் கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகவில்லை. ஏன் என்று கேட்காதே. துக்கம் தொண்டையை அடைத்தது என்றெல்லாம் இல்லை. ஒன்றுமே இல்லை. அதுதான் விஷயம். வேண்டாம் என்றும் தோன்றவில்லை, வேண்டும் என்றும் தோன்றவில்லை. பல் விளக்குவதும் அப்படித்தான் நின்றது. தூரிகையில் பற்பசையை வைத்து அப்படியே கழுவி, ஈரமாகத் திரும்ப வைத்துவிடுவேன். ஈரமாக இருக்கிறதா என்று நீ பார்ப்பாய் என்று தெரியும்.

நீ பார்க்கும்போது தண்ணீரைக் குடித்தேன். மாத்திரை கைக்குள் இருக்கும். மாலையில் இன்னொன்று. பூட்சு பாலிஷ் டப்பாக்கள் காலியாகக் கிடந்தன. அவற்றில் போட்டு வைத்தேன். மாதம் முடிந்ததும் காலிப் புட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தக் கண்ணாடி போட்ட அம்மா, "உங்கள மாதிரி ஒழுங்கான ஆள் யாருமே இல்ல சார்" என்பார். நானும் தலையாட்டிவிட்டு வருவேன். தூக்கிப் போட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஏன் சேர்த்து வைத்தேன் என்றும் தெரியவில்லை.

நவம்பரில் அந்தப் பழைய அதிகாரியின் அடக்கம். கடைசி மரியாதைக்கு நான் தனியாக ஊத வேண்டும். நாலாவது சுரத்தில் காற்று ஒரு பக்கம் ஒழுகியது. நாக்கால் தொட்டால் பல் ஊதுவாய்க்குள் கிடக்கிறது. வலிக்கவே இல்லை பொடிசு. பக்கத்துப் பல்லும் சரிந்துவிட்டது. அப்படியே முடித்தேன். கீழே விழுந்தது ரத்தம் என்று டிரம் அடிக்கிறவர் சொல்லித்தான் தெரியும்.

இதுவரை எழுதியது சுலபமான பகுதி.

அன்று சமையலறையில் நீ அழுதுகொண்டே, "எனக்கு மூணு மாசத்துலயே தெரியும்ணா, நான்தான் சொல்லல" என்றாய். நான் கோபத்தில் கிளம்பிப் போனதாக நீ நினைக்கிறாய். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. தப்பு உன் பேரில் போய்விட்டது, இனி நான் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க முடியாது என்பதால்தான் இடமாற்றம் கேட்டேன். "போன் பண்ணாத" என்று சொன்னதும் நீ உடைந்து போனாய். பேருந்து ஜன்னல் வழியே பார்த்தேன். இறங்கிச் சொல்லியிருக்கலாம். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

பதினைந்து மாதம் உன்னை அதைச் சுமக்க விட்டேன்.

டப்பாக்களைப் பார்சலில் அனுப்புகிறேன். நீ என்ன செய்தாலும் சரி. குப்பையில் போட்டாலும் சரி.

அண்ணன்

*

மார்ச் 27

அண்ணாவுக்கு,

பார்சல் வந்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் ஒரு துண்டை விரித்து எண்ணினேன். முந்நூற்று எண்பத்தெட்டு. மே பதினாறிலிருந்து உன் பல் விழுந்த நவம்பர் இருபத்தைந்து வரை நூற்றுத் தொண்ணூற்று நான்கு நாள், நாளுக்கு இரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. மாத்திரையெல்லாம் பாலிஷ் வாடை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். குளித்தேன், துணி காயப்போட்டேன், வேலைக்குப் போய் வந்தேன். வரவில்லை. இரண்டாம் நாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "ஏங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் மூன்று தாண்டிப் போயிருந்தது.

நீ எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். நான் சுமந்தது முழுவதும் உன்னுடையது அல்ல. மஞ்சள் ஏறியதைப் பார்த்தேன், தட்டைக் கழுவினேன். நீ மாத்திரை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அது நான் செய்தது. உன் கடிதம் அதை அழித்துவிடவில்லை. உன்னுடையதை நீ எடுத்துக்கொண்டாய். என்னுடையது அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். மேசையில் வைத்தேன். பூட்சு பாலிஷ் என்று நினைத்து, "என்னம்மா, எனக்கா?" என்று சிரித்தார். திறந்து பார்த்ததும் எழுந்து கதவை மூடினார்.

"இது யாரோடது?"

"நாப்பத்தொண்ணு சார்."

"உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அது எங்க அண்ணன்."

நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். சுவரில் இருந்த உன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நம்பர் உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்தே."

"இத இப்படியே எடுத்துட்டுப் போயிடும்மா. நீ வரல, நான் பாக்கல. கட்டுரை அடுத்த மாசம் போகுது. ஒரு ஆளுக்கு மருந்து கேக்கலன்னு இருந்தா யாரும் சாகப் போறதில்ல."

அவர் கெட்டவர் இல்லை அண்ணா. மூன்று வருட உழைப்பு அவருக்கு. அந்தக் கணத்தில் எனக்கும் பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் உன்னைப் போலவே முன்பல் ஆடுகிறவன் எங்கோ ஒருவன் இருப்பான். அவனுடைய டாக்டர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "சிலருக்குக் கேக்காதுப்பா" என்று மருந்தே எழுதாமல் விடலாம். நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன்.

"நான் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் சார் இங்க வந்தேன்" என்றேன்.

அது பொய். மாலையில்தான் எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை முதல் பரிசோதனைக் கூடத்துக்குள் எனக்கு அனுமதி இல்லை. விசாரணை முடியும்வரை கருவி சுத்திகரிப்பு அறையில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க இடுக்கியும் கண்ணாடியும் கழுவி நீராவிப் பெட்டியில் வைக்கிறேன். அறுபது பேரின் மீதி மாதிரிகள் உறைகுளிரில் இருக்கின்றன. வேறு ஊரிலிருந்து ஆள் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி அளக்கப் போகிறார். நான் எண்களை மாற்றியிருப்பேனோ என்ற சந்தேகம். நியாயம்தான்.

ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி உன்னையும் கூப்பிடுவார்கள். வருவதும் வராததும் உன் விருப்பம்.

ஒன்று மட்டும். முன்பல் இரண்டு போனதோடு அது நிற்காது. மற்ற பற்களிலும் அறுந்துகொண்டுதான் இருக்கும். வலிக்காது. எங்காவது போய்க் காட்டு.

தங்கை

*

ஏப்ரல் 16

பொடிசு,

வந்துவிட்டுப் போனேன். நீ கேள்விப்பட்டிருப்பாய்.

நீள மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாத்திரை போடவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். "உங்க தங்கச்சிகிட்ட அளவ மாத்தி எழுதச் சொல்லி எப்பவாவது கேட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "அவகிட்ட அப்படிக் கேட்டா எனக்குச் சோறு கெடச்சிருக்காது சார்" என்றேன். செட்டு விசில் அடித்தது. யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் நடுவில் இருந்த அம்மா, ஏன் போடவில்லை என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். முந்நூற்று எண்பத்தெட்டு முறையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் அண்ணியை அந்த மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிந்து வெளியே வந்து, சுத்திகரிப்பு அறை எங்கே என்று விசாரித்தேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறதே, அதன் வழியாகப் பார்த்தேன். நீ கையுறை போட்டுக்கொண்டு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். முதுகுதான் தெரிந்தது. இளைத்திருக்கிறாய். தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். தட்டினால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வந்துவிட்டேன்.

ஆனால் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை. கீழே வெளிநோயாளிப் பிரிவில் சீட்டு எடுத்தேன். ஒரு பெண் டாக்டர், உன் வயதுதான் இருக்கும். கம்பியை ஈறுக்குள் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்து, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு, ஏழு, ஆறு, எட்டு மில்லிமீட்டர்; மூன்றுக்கு மேல் போகக் கூடாதாம். நம் வீட்டில் யாரும் பரீட்சையில் இவ்வளவு வாங்கியதில்லை. மீதி இருக்கிற இருபத்தாறில் நாலு தேறாது, மற்றதைக் காப்பாற்றலாம் என்றார். அன்றைக்கே வலது பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். முகத்தில் பாதி என்னுடையதாக இல்லாமல் பேருந்தில் திரும்பினேன். அது எனக்கொன்றும் புதிதாகப் படவில்லை.

மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே மருந்து. ஆராய்ச்சியில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இதே பெயர்தான் இருந்தது.

போடுகிறேன்.

அண்ணன்

*

ஜூன் 2

அண்ணாவுக்கு,

மறு பரிசோதனை முடிந்துவிட்டது. அறுபது பேர், ஒருவர் விடாமல். வெளியூரிலிருந்து வந்தவர் எழுதிய எண்களும் என் எண்களும் ஒன்றுதான். நான் எதையும் மாற்றவில்லை என்று குழு எழுதிக் கொடுத்தது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்ததற்காக ஒரு வருடம் பரிசோதனைக் கூடம் கிடையாது. அதுவரை நீராவி அறைதான். அங்கே இருக்கும் அம்மாக்கள் நல்லவர்கள். யாரும் எதையும் கேட்பதில்லை.

கட்டுரை திருத்தி அனுப்பப்பட்டது. அச்சுக்குப் போகிற பிரதியைப் பேராசிரியர் எனக்கும் ஒன்று கொடுத்தார். கோபமா என்று தெரியவில்லை, என் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார். பதினான்கு பக்கம். உன்னைப் பற்றிய தனிப் பகுதி இல்லை. ஆறாம் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: "பங்கேற்றவர்களில் ஒருவர் மருந்தை உட்கொள்ளவில்லை." அவ்வளவுதான். அண்ணி போனது, உன் ட்ரம்பெட், பதின்மூன்று மாதம், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

கோப்பில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மறதி என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். நான் திருத்தவில்லை.

அன்று நீ கண்ணாடிக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். நீராவிப் பெட்டியின் கதவு பளபளப்பாக இருக்கும். பின்னால் யார் நின்றாலும் அதில் தெரியும். நானும் திரும்பவில்லை. அடுக்கிய தட்டுகளையே கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு கதவைத் திறந்து பார்த்தேன். தாழ்வாரத்தில் யாரும் இல்லை.

பதினான்காம் தேதி ஞாயிறு எனக்கு விடுமுறை. வரட்டுமா? சமாதானம் பேச இல்லை. உன்னிடம் எனக்கு இன்னும் கோபம் வரவில்லை, ஆனால் வரும் என்று நினைக்கிறேன். வரும்போது நீ எதிரில் இருந்தால் நல்லது.

தங்கை

*

ஜூன் 8

பொடிசு,

வா.

காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறாதே, அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வரும். ஏழேகாலுக்கு ஒன்று இருக்கிறது. நிறுத்தத்தில் நிற்பேன். கோபத்தையும் கொண்டு வா, கிடங்கில் இடம் நிறைய இருக்கிறது.

போன வாரம் இரண்டு பல் எடுத்தார்கள். இன்னும் இரண்டு பாக்கி. மற்றவை முன்னைப்போல் ஆடவில்லை. பெரிய ஊதுவாய் உள்ள கொம்பு ஒன்று இங்கே இருக்கிறது. எல்லோரும் போன பிறகு எடுத்து ஊதிப் பார்த்தேன். ஒரு சுரம் நின்றது. பிடிக்கவில்லை. துடைத்து வைத்துவிட்டேன்.

நீ வருவதால் ஒரு வேலை வைத்திருக்கிறேன். வீட்டைக் காலி செய்தபோது உன் அண்ணியின் துணிப் பெட்டியையும் கொண்டுவந்தேன். இன்னும் திறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஜன்னல் பக்கம் தூக்கி வைத்து, வெளிச்சத்தில் திறக்க வேண்டும்.

கனமெல்லாம் இல்லை, நானே தூக்கிவிடுவேன். ஆனால் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெட்டி அது.

அண்ணன்